அவள் வாக்கியத்தை அவளே முடிக்கட்டும்

பதிப்பகத்தில் என் நாற்காலிக்கு வந்திருக்கிற நீங்கள், போன வாரம் என்னைப் பார்க்க வந்தபோது ஒன்று கேட்டீர்கள். நம் இளையோர் காதல் வரிசைக்கு வரும் கதைகளில் மாற்றுத்திறனாளிகளும் தன்பால் காதலர்களும் வந்தால் எப்படித் திருத்துவது, எந்தச் சொல்லைப் போடலாம், எதைப் போடக்கூடாது, ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். சரி என்று சொல்லிக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். பிறகு உட்கார்ந்து யோசித்தால், அப்படி ஒரு பக்கம் என்னிடம் இல்லை. சரியான சொற்கள் எவை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். என்னிடம் இருப்பது ஒரு புத்தகம் வெளிவந்த கதை. அதை எழுதிய பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயரையும் புத்தகத் தலைப்பையும் மாற்றிக்கொள்ளச் சொன்னாள். இங்கே அவள் பெயர் சௌமியா.

நம் அலுவலகத்துப் பழக்கம் ஒன்றை நீங்கள் இதற்குள் பார்த்திருப்பீர்கள். எந்தக் காதல் நாவலும் அச்சுக்குப் போவதற்கு முன், அதன் கடைசி அத்தியாயத்தைப் பைண்டிங் அறையில் சத்தமாகப் படிக்க வேண்டும். தாள்களை மடித்துத் தைத்துக்கொண்டே அந்தப் பெண்கள் கேட்பார்கள். அவர்கள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தால் புத்தகம் அச்சுக்குப் போகும். துடைக்காவிட்டால் எழுதியவரிடம் திரும்பிப் போகும். முதலாளியின் அப்பா காலத்தில் தொடங்கிய வழக்கம் இது. செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் பருப்பு மண்டிக்காரர்கள் மூட்டையைக் குத்திச் சாம்பிள் பார்ப்பார்களே, அதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்திருக்க வேண்டும் என்று நாங்கள் கேலி செய்வோம்.

கேலி இருக்கட்டும். அந்த வழக்கம் நம் கதைகளுக்கு என்ன செய்தது என்று நான் பணியில் இருந்த காலம் முழுக்கப் பார்த்தேன். அழவைக்க எளிய வழி எது என்று எழுதுகிறவர்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டார்கள். கண் தெரியாத கதாநாயகிக்குக் கடைசிப் பக்கத்தில் பார்வை வரும். வராவிட்டால் அவள் காதலனை வேறொரு பெண்ணுக்கு விட்டுக்கொடுத்து, மணமேடையில் பூத்தூவிவிட்டு, யாரும் பார்க்காதபோது வெளியேறுவாள். சக்கர நாற்காலியில் இருக்கிறவன் எழுந்து நடப்பான், அல்லது செத்துப்போவான். பின்னால் இளையோர் வரிசை வந்த பிறகு பெண்ணைக் காதலிக்கும் பெண்களும் மெல்ல உள்ளே வந்தார்கள்; அவர்களுக்கு ஒரே வேலைதான். பிரிந்து போக வேண்டும். ஒருத்தியாவது கடைசிப் பக்கத்துக்குப் பிறகு காலையில் எழுந்து பல் விளக்கினாளா என்றால் இல்லை. எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனாலும் பைண்டிங் அறையில் முந்தானைகள் நனைந்தன, புத்தகங்கள் பேருந்து நிலையக் கடைகளில் தீர்ந்தன. எரிச்சலை யார் கேட்கிறார்கள்?

சௌமியா தன் அப்பாவுடன் மல்லசமுத்திரத்திலிருந்து வந்தாள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பிறக்கும்போதே பெருமூளை வாதம். வாக்கரைப் பிடித்து நடப்பாள். பேச்சு மெதுவாக வரும். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் அவள் தாடையும் கழுத்தும் பாடுபடுவது தெரியும். அப்பா தங்கவேல் போர்வெல் போடும் ரிக் லாரியில் வடநாடெல்லாம் சுற்றியவர். இப்போது ஊரோடு இருந்து சொந்தமாக ஒரு வண்டி வைத்திருந்தார். ரிக் சத்தத்தில் இருந்து பழகிய குரல். அறைக்குள் நுழைந்தபோதே மேசைக் கண்ணாடி அதிர்ந்தது.

"வணக்கமுங்க மேடம். என்ற புள்ள கதை எழுதியிருக்குதுங்க. போன்லயே ஒத்த வெரல்ல அடிச்சு அடிச்சு முச்சூடும் எழுதீட்டா."

நான் சௌமியாவைப் பார்த்துக் கேட்டேன்: "எப்பலேர்ந்து எழுதறே?"

அவள் வாயைத் திறந்து முதல் சொல்லைத் தொடங்கியதும், "பத்தாவது படிக்கையில இருந்துங்க" என்றார் அவர். அவளைப் பேசவைப்பதற்காக, தெரிந்திருந்தும் கதையில் வரும் ஊர் எது என்றேன். "நம்ம சேலமுங்க" என்றார். எந்த எழுத்தாளரைப் பிடிக்கும் என்றேன். அதற்கும் அவரே பதில் சொன்னார். அதட்டலாக இல்லை. அத்தனை பிரியத்தோடு. மகள் சிரமப்படக்கூடாது என்று ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிடுகிற மாதிரி ஒவ்வொரு பதிலையும் முன்னால் போய் எடுத்து வைத்தார். அவள் ஒவ்வொரு முறையும் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

புது அச்சு இயந்திரம் வந்திருக்கிறது, பார்க்கிறீர்களா என்று அவரைக் கீழே அனுப்பினேன். இயந்திரம் என்றதும் மனிதர் உற்சாகமாக இறங்கிப் போனார். அதற்குப் பிறகுதான் சௌமியா பேசினாள்.

அவள் முன்பே அனுப்பியிருந்த கதையை நான் படித்திருந்தேன். கயல் என்ற பெண், சௌமியாவைப் போலவே மெதுவாகப் பேசுகிறவள். அவளுடன் கல்லூரியில் படிக்கும் ஜெசிந்தா, நம் சேலத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். இருவரும் காதலிக்கிறார்கள். கயல் பேசும்போது இடையில் புகாமல் காத்திருக்கிற ஒரே ஆள் ஜெசிந்தாதான். கடைசி அத்தியாயத்தில் ஜெசிந்தா ஒரு கேள்வி கேட்கிறாள், கயல் பதில் சொல்கிறாள், அதோடு கதை முடிகிறது. யாரும் சாகவில்லை, யாரும் குணமாகவில்லை, யாரும் யாரையும் விட்டுக்கொடுக்கவில்லை.

என் சந்தேகம் ஒன்றைக் கேட்டேன். கயல் பேசும் இடங்களில் சொற்களுக்கு நடுவே புள்ளி புள்ளியாக வைத்தால் அவள் எப்படிப் பேசுகிறாள் என்று வாசகருக்குப் புரியுமே என்றேன். வழக்கமாக எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

"புள்ளி வேண்டாம் மேடம்" என்றாள் சௌமியா. "கயல் பேசறது முழு வாக்கியந்தானுங்க. நேரந்தான் ஆவுது."

இங்கே அவள் பேச்சை நான் எழுதும்போதும் புள்ளி வைக்கவில்லை. நேரத்தை நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முடிவை மாற்றச் சொல்வார்கள் என்று அவளை முன்கூட்டியே எச்சரித்தேன். அவள் வெகுநேரம் எடுத்துக்கொண்டு ஒன்று சொன்னாள். "என்னாட்டப் பொண்ணுங்க கதையில எல்லாம் கடைசியில எழுந்து போயிடறாங்க. நா எங்கீங்க போவேன்?"

முதலாளி எதிர்பார்த்தபடியே சொன்னார். நல்ல மனிதர்தான், ஆனால் வியாபாரி. "கயலே அந்தப் பெண்ணுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்து வைக்கிற மாதிரி முடிக்கச் சொல்லுங்கள். பைண்டிங் ரூம் வெள்ளமாகிவிடும்." நான் மாட்டேன் என்றேன். வழக்கப்படி படித்துப் பார்ப்போம், அவர்கள் சொல்வதே முடிவு என்று ஒப்பந்தமானது.

நான்தான் படித்தேன். ஒருத்தியும் அழவில்லை. படித்து முடித்தபோது ஊசியும் நூலும் அப்படியே நின்றிருந்தன. முதலாளி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அப்போது தைக்கிறவர்களில் ஒருத்தியான சகாயமேரி கேட்டாள்: "அப்புறம் அவுங்க எங்க குடியிருந்தாங்க?" இன்னொருத்தி, "ஜெசிந்தா வேலைக்குப் போனாளா?" என்றாள். கூடவே, "ஏங்க, இதெல்லாம் ஊட்டுல ஒத்துக்குவாங்களா?" என்று ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். சுளித்தவளும் கேட்கத்தான் கேட்டாள். அந்த அறையில் எந்தக் கதைக்கும் யாரும் 'அப்புறம்' என்று கேட்டு நான் கேட்டதில்லை. செத்துப்போனவர்களுக்கு அப்புறம் ஏது? முதலாளியிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் காதைக் குடைந்துகொண்டு நின்றார். சரி, அச்சுக்கு அனுப்புங்கள் என்றார்.

இதோடு முடிந்திருந்தால் இது நான் ஜெயித்த கதையாகியிருக்கும். உங்களுக்கு அதனால் ஒரு பயனும் இருக்காது.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்துக்கு நான் விடுப்பில் போனேன். குருத்து ஞாயிறு முதல் பாஸ்கா வரை கோவிலே கதி என்று இருப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். திரும்பி வந்தபோது அட்டை அச்சாகி வந்திருந்தது. முன்னட்டையில் இரண்டு பெண்கள், ஒரு வாக்கர், நன்றாகவே இருந்தது. பின்னட்டையைத் திருப்பினேன். நான் எழுதிக் கொடுத்திருந்த 'இரண்டு பெண்களின் காதல் கதை' என்ற வரி இல்லை. 'உடற்குறையை வென்ற உயிர்த்தோழிகளின் உன்னத நட்புக் காவியம்' என்று இருந்தது.

முதலாளியிடம் போய் நின்றேன். அவர் என்னைவிட நிதானமாக இருந்தார். "அந்தப் பெண்ணைக் காப்பாற்றத்தான் மாற்றினேன். கடைக்காரன் காதல் என்று பார்த்தால் பின்வரிசையில் வைப்பான். ஊர்க்காரன் பார்த்தால் அவள் வீட்டுக்குப் போய்ப் பேசுவான். உள்ளே ஒரு எழுத்தைக்கூட நான் தொடவில்லையே, படிக்கிறவர்கள் படித்துப் புரிந்துகொள்ளட்டும்." இதுதான் நம் தொழிலில் நல்லெண்ணத்தோடு செய்யப்படுகிற தவறு. வெளியே ஒன்றை ஒட்டிவிட்டு உள்ளே இன்னொன்றை வைத்து, நடுவில் எழுதியவரை நிறுத்திவிடுவது.

நான் பதில் சொல்வதற்குள் என் போனில் ஒரு படம் வந்தது. தங்கவேல் அனுப்பியிருந்தார். மல்லசமுத்திரம் பேருந்து நிறுத்தத்தில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு ஃபிளெக்ஸ் பேனர். சௌமியாவின் படம், பக்கத்தில் புத்தக அட்டை, கீழே சித்தப்பா பெரியப்பா மாமன் மச்சான் எல்லோருடைய முகமும். மேலே பெரிய எழுத்தில், 'நட்பின் பெருமையை நாட்டுக்குச் சொன்ன எங்கள் வீட்டு எழுத்தாளர்'. அட்டையை முதலாளி அவருக்கு அனுப்பியிருக்கிறார். கதையைப் படித்திராத அவர் பின்னட்டையை மட்டும் படித்து, பேனர் அடித்து, கல்யாண மண்டபம் பிடித்து, ஊரையே விருந்துக்கு அழைத்துவிட்டார்.

படத்தைத் தொடர்ந்து அவரே அழைத்தார். "மேடம், நீங்க முன் வரிசையில உக்காரோணும். வாத்தியாரு ஒருத்தரு புத்தகத்தப் படிச்சுட்டு மேடையில பேசறேன்னுட்டாருங்க. ஊரே ஒவ்வொரு புத்தகம் வாங்கிக்கறேன்னுட்டாங்க." அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை என்னால் தாங்க முடியவில்லை. மேடையில் அந்த வாத்தியார் என்ன படித்திருப்பார், என்ன பேசுவார் என்று நினைத்துப் பார்த்தேன். அந்த மண்டபத்தில், அத்தனை பேர் முன்னால், தன் மகளைப் பற்றி ஒரு அப்பா முதல்முறையாகத் தெரிந்துகொள்ளப் போகிறார். அவள் மேடையில் வாக்கரைப் பிடித்தபடி நிற்பாள். அவள் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் ஊர் அதை முடித்துவிடும்.

சௌமியாவுக்கு அப்பாதான் எல்லாமும் என்பதை நீங்கள் மறக்கக்கூடாது. அவளைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் விட்டவர் அவர், படியில் தூக்கி இறக்கியவர் அவர், உடற்பயிற்சி செய்யவைக்கிறவர் அவர். அந்த வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டு இறங்கிப் போகக்கூட அவளுக்கு அவர் கை வேண்டும்.

முதலாளிக்கு இப்போது விஷயம் உறைத்தது. "நீங்களே அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்களேன். பெரியவர்கள் நீங்கள் சொன்னால் கேட்பார்" என்றார். எனக்கும் வாய் துறுதுறுத்தது. இரண்டு நிமிடப் பேச்சு. ஆனால் அது என்னிடம் இருக்கிற செய்தி அல்ல. அவள் கதையில் எழுதியதை வைத்து அவளைப் பற்றி நான் ஊகித்ததை அவள் அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு என்ன உரிமை? கதை எழுதுகிறவள் தன்னைத்தான் எழுதினாள் என்றுகூட எனக்குத் தெரியாது. அவளை அழைத்தேன்.

போனில் அவள் பேசுவதைப் புரிந்துகொள்ள இன்னும் பொறுமை வேண்டும். பேனரைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று அவள் அம்மா பின்னாலிருந்து சொன்னது கேட்டது. புத்தகத்தை நிறுத்திவிடலாம், புனைபெயரில் போடலாம், விழாவை மட்டும் தள்ளிப்போடலாம், எதைச் சொன்னாலும் செய்கிறேன், காரணத்தை என் தலையில் போட்டுக்கொள்கிறேன் என்றேன்.

"வேண்டாம் மேடம். ஊர் சொல்லி அப்பா கேக்கக்கூடாது. நானே சொல்றேன். நீங்க வந்து கூட உக்காருங்க." சற்றுப் பொறுத்து, "ஆனா நீங்க பேசக்கூடாதுங்க" என்றாள்.

நான் திருச்செங்கோடு வண்டியைப் பிடித்துப் போனேன். ஒரு நல்ல புத்தகம் வெளிவர வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான். அந்தப் புத்தகம் எழுதப்பட்ட வீட்டில் ராத்திரி அவள்தான் படுக்க வேண்டும். துணிச்சலான கதை என்று நாம் மேசையில் சொல்லிப் பாராட்டுகிறோமே, அந்தத் துணிச்சலுக்கு விலை கொடுப்பது நாம் இல்லை.

தங்கவேல் வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க மேடம், வாங்க. ஊட்டுக்குள்ள வாங்க. மண்டபத்தப் பாத்துட்டு வந்தரலாங்களா?" என்றார். சௌமியா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அம்மா அடுப்படி வாசலில் நின்றார். பக்கத்து வீட்டு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா, உக்காருங்க. ஒண்ணு சொல்லோணும்" என்றாள் சௌமியா.

அவர் உட்கார்ந்தார். அவள் தொடங்கினாள். "அந்தப் புத்தகத்துல வர்ற ரெண்டு பேரும்."

"உயிர்த்தோழிங்க. தெரியுமே சாமி, அட்டையிலயே போட்டிருக்குதே."

"இல்லப்பா. அவுங்க ஒருத்தர ஒருத்தர்."

"உட்டுக் குடுக்கவே மாட்டாங்க. அதான?"

அவள் கண்ணை மூடித் திறந்தாள். மறுபடி தொடங்கினாள். "நீங்க நெனைக்கற மாதிரி."

"பயப்படறயா சாமி? மேடையில பேச வேண்டாம். அப்பன் பேசிக்கறேன்."

ஒவ்வொன்றும் எத்தனை அன்பான பதில். ஒவ்வொன்றும் அவள் வாயில் ஒரு கையை வைத்து மூடியது. அவள் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு வந்தது. பேசக்கூடாது என்று அவள் எனக்குச் சொல்லியிருந்தாள். அவளுக்காகப் பேசக்கூடாது என்றுதான் அதற்குப் பொருள் என்று அந்த நொடியில் நான் முடிவு செய்துகொண்டேன்.

"அண்ணா, அவ இன்னும் முடிக்கல" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவள் முடிக்கும்வரை காத்திருப்பது என்று ஒரு விஷயம் உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது போலிருந்தது. வாயை மூடிக்கொண்டார். அம்மா போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். தறிச் சத்தம் மட்டும் கேட்டது. சௌமியா மூச்சு வாங்கினாள், ஒரு சொல்லில் மாட்டினாள், அதை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து வந்தாள். எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. இருந்து பார்த்தால்தான் தெரியும், சும்மா இருப்பது எத்தனை கஷ்டமான வேலை என்று. அந்தச் சொல் எது என்று எனக்குத் தெரிந்திருந்தது. என் நாக்கின் நுனியில் நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் சொன்னாள்: "அவுங்க ரெண்டு பேரும் காதலிக்கறாங்கப்பா. நானும் அப்பிடித்தான். எனக்குப் பொண்ணுங்களத்தான் புடிக்கும். ஊருல யாரோ சொல்லி நீங்க கேக்கக்கூடாதுன்னு நானே சொல்றேன்."

தங்கவேலின் முகம் சிவந்தது. மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "இதெல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்வதுதான் தப்பு.

"என்னையக் கேளுங்கப்பா" என்றாள் சௌமியா. இந்த முறை அது தடையில்லாமல் வந்தது.

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா வந்து சௌமியாவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பொழுது சாயத் தொடங்கியதும், வெளியிலிருந்து அவர் குரல் வந்தது. "மேடத்த பஸ்ஸுக்கு உட்டுட்டு வாரேன்."

பேருந்து நிறுத்தத்தில் அந்த பேனர் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேசினார். வாழ்நாளில் அத்தனை மெதுவாகப் பேசியிருக்க மாட்டார்.

"ரிக்குல இருக்கையில டெய்லி போன் பண்ணுவாளுங்க. அங்க டவர் கெடைக்காது. அவ பேசறதுல பாதிதான் காதுல உழும். மீதிய நானே போட்டுக்குவேன். அப்பிடியே பழகிப்போச்சுங்க. இத்தன வருசத்துல எதையெல்லாம் நானாப் போட்டுக்கிட்டனோ தெரியலீங்களே."

பேனரிலிருந்து பார்வையை எடுத்து என் பக்கம் திரும்பினார்.

"இது எனக்குப் புடிக்கலீங்க மேடம். பொய் சொல்ல மாட்டேன்" என்றார். "இந்தக் கதைய எழுதாம இருந்திருந்தா அவ இப்பிடி ஆயிருக்க மாட்டாளுங்களா?"

"எழுதாம இருந்திருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பா அண்ணா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, அவ்வளவுதான்."

பேருந்து வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் பேனர் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் சேலம் வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். வெட்கப்பட்டுக் கழற்றுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். அது வெட்கமா, மகளை ஊர்வாயிலிருந்து மறைக்கிற அவசரமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டுமாக இருந்திருக்கலாம்.

அட்டையை மாற்றினோம். என்ன போட வேண்டும் என்று சௌமியாவிடமே கேட்டேன். 'ஒரு காதல் கதை' என்று மட்டும் போடச் சொன்னாள். தன் பெயரிலேயே வரட்டும் என்றாள். மண்டபத்து விழா வேண்டாம், ஊருக்குச் சொல்வதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன், அது என் வேலை என்றாள். முதலாளி இதற்கெல்லாம் முணுமுணுத்தாலும் தடுக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டார், நம் பைண்டிங் அறையிலேயே சின்னதாக வெளியிடலாமா என்று. அதற்கு அவள் ஒத்துக்கொண்டாள். ஆனால் கடைசி அத்தியாயத்தை நீங்கள் படிக்க வேண்டாம் மேடம், நானே படிக்கிறேன் என்றாள்.

வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்று காலையில் அவளைக் கொண்டுவந்து இறக்கியது அப்பாதான். மாடிப்படியில் தூக்கி வந்து, நாற்காலியில் உட்கார வைத்து, வாக்கரை மடித்து எடுத்துக்கொண்டு போய் அறையின் கடைசியில் தாள் கட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை. ஆள் இளைத்திருந்தார்.

சௌமியா படித்தாள். பைண்டிங் பெண்கள் கையில் வேலையை வைத்துக்கொண்டே கேட்டார்கள். மெதுவாகத்தான் போனது. நான் படித்தபோது ஒரு காபி ஆறுகிற நேரத்தில் முடிந்த அத்தியாயம் அது. அவள் படித்தபோது வெயில் ஜன்னலிலிருந்து இறங்கித் தரைக்கு வந்துவிட்டது. ஜெசிந்தா கேள்வி கேட்கும் இடம் வந்தது. "என்கூட இருப்பியா கயல்?" கயலின் பதில் கதையின் கடைசி வாக்கியம். சௌமியா அதைத் தொடங்கினாள். பாதியில் ஒரு சொல் மாட்டிக்கொண்டது. தாடை இழுத்தது. மறுபடி முயன்றாள், வரவில்லை. அறையில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெண்களில் ஒருத்தி, "ஐயோ பாவம்" என்றாள்.

முதலாளி முன்னால் நின்றிருந்தார். கையில் புத்தகம் பிரித்தபடி இருந்தது. அவருக்கும் தாங்கவில்லை. நல்ல மனிதர் என்று முன்பே சொன்னேன். அவள் பக்கம் குனிந்து, மிகுந்த கனிவோடு, அந்த வாக்கியத்தை விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து அந்த ரிக் குரல் வந்தது. அறையே அதிர்ந்தது.

"முதலாளி, இருங்க. பாப்பா இன்னும் முடிக்கலீங்க."

முதலாளி நிறுத்திவிட்டார். சௌமியா தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். அவர் வாக்கரை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். உதடுகள் இறுகி இருந்தன, கன்னம் நனைந்திருந்தது. அவள் புத்தகத்துக்குத் திரும்பி, அந்த வாக்கியத்தை முதல் சொல்லிலிருந்து எடுத்தாள். நேரம் ஆனது. காத்திருந்தோம். அவள் படித்து முடித்தாள்.